அப்பாவுக்குப் பெரிய எழுத்து

விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பள்ளி திறந்ததும் என் முதல் வேலை பெரிய எழுத்து. ஆங்கிலத்தில் எந்தெந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாக்கியத்தின் முதல் சொல், ஆள் பெயர், ஊர் பெயர், கிழமை, மாதம், அப்புறம் 'நான்' என்பதற்கு வரும் ஒற்றை 'ஐ'. ஒரு வாரத்தில் சொல்லி முடித்துவிடலாம். பிள்ளைகள் கையில் அது ஏறுவதற்குள் பொங்கல் வந்துவிடும்.

பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை எல்லாம் பெரிதாக எழுதுவார்கள். பிரியாணிக்குப் பெரிய 'பி' போடுவார்கள். போலீஸுக்கு, கலெக்டருக்கு, டீச்சருக்கு, அம்மாவுக்கு எல்லோருக்கும் பெரிய எழுத்துதான். 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னால் வரிக்கு வரி 'ஃபாதர்' தலைநிமிர்ந்து நிற்கும். நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவேன். "ஏன் பெருசா போட்ட?" என்று கேட்டால், "அப்பா, மிஸ்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களிடம் காரணம் கிடையாது.

பெரிய எழுத்து மரியாதைக்காக வருவதில்லை, இடத்துக்காக வருகிறது என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. ஆனால் இதில் எனக்கு இரக்கம் கிடையாது. தப்பு என்றால் தப்புதான். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "அப்பான்னு பெருசா எழுதினதுக்குப் போய் அரை மார்க் கொறைச்சிருக்கீங்களே மேடம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டபோதுகூட, "ஆமா சார், குறைக்கத்தான் வேணும்" என்றேன். சக ஆசிரியைகள் என்னைக் கண்டிப்பானவள் என்பார்கள். சிலர் வேறு வார்த்தையும் சொல்வதுண்டு.

என் அப்பா இன்னாசிராஜ் திண்டிவனத்தில் லோடுமேன். மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, நெல் மூட்டை, உளுந்து மூட்டை என்று எது வந்தாலும் லாரியிலிருந்து இறக்குவதும் லாரியில் ஏற்றுவதும்தான் வேலை. பதினாறு வயதில் முதுகைக் கொடுத்தவர், சாகிற வருடம் வரை எடுக்கவில்லை.

மண்டியில் லோடுமேனிடம் 'ங்க' போட்டுப் பேசும் வழக்கம் கிடையாது. மண்டிக்காரர் 'டேய்' என்பார். கணக்குப்பிள்ளை 'டேய்' என்பார். லாரி டிரைவரும் கிளீனரும் 'டேய்' என்பார்கள். மண்டிக்காரர் வீட்டுக் குழந்தை பேச ஆரம்பித்ததும், பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அப்பாவை 'டேய் இன்னாசி' என்று கூப்பிடும். எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். மூட்டைக்குக் கொக்கி மாதிரி, லோடுமேனுக்கு 'டேய்'.

போன வருடம் மாதா திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் அப்பா இறந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மண்டி முதலாளி ஜெகதீசன் பெரிய மாலையோடு வந்தார். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவர் அப்பா காலமான பிறகு மண்டியைப் பார்த்துக்கொள்கிறவர், புதுச்சேரியில் கல்லூரி படித்தவர். மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, உண்மையிலேயே அழுதார். கூட வந்தவர்களிடம், "நல்ல பையன். ஒரு நாளு ஒடம்பு முடியலைன்னு நின்னதில்ல" என்றார்.

அப்பாவுக்கு அப்போது வயது அறுபத்திரண்டு.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

என் அம்மா அமல்ராணியைப் பற்றி எழுதும்போது எனக்கு 'அவள்' என்றுதான் வருகிறது. அப்பாவுக்கு 'அவர்', அம்மாவுக்கு 'அவள்'. இதில் அம்மாவுக்குக் குறை ஒன்றும் இல்லை. நெருக்கத்தில் வருவது வேறு, உயரத்திலிருந்து வருவது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றாலும் கேட்கிறவர் காதுக்குத் தெரியும்.

இந்த வருடம் அக்டோபரில் அம்மா போன் செய்தாள். வருட நினைவுப் பூசை முடிந்துவிட்டது, கல்லறைத் திருநாளுக்குள் அப்பாவுக்குக் கல் வைத்துவிட வேண்டும் என்றாள். நவம்பர் இரண்டாம் தேதி எல்லோரும் கல்லறைக்கு வந்து பூப்போட்டு மெழுகுவத்தி கொளுத்துவார்கள். மற்றவர்கள் கல்லெல்லாம் பளபளவென்று இருக்கும்போது அப்பா மட்டும் மண்மேடாகக் கிடக்கக்கூடாது. சரி என்றேன்.

"இங்கிலீஷ்ல எழுதிக்கினு வா" என்றாள்.

"இங்கிலீஷா? நம்மாளுங்க யாரும்மா அதைப் படிக்கப்போறாங்க? தமிழ்லயே 'இறைவனில் இளைப்பாறுகிறார்'னு அழகா போட்டுடலாமே."

"தமிழ்ல அவரை எல்லாரும் டேய் டேய்னு கூப்ட்டு முடிச்சிட்டாங்க. இங்கிலீஷ்லதான் யாரும் ஒண்ணும் சொல்லல. அது சுத்தமா இருக்குது. அதுல எழுது."

போனை வைத்தேன். பிறகு பேப்பர் எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அழுது வடியும் வாசகங்கள் பிடிக்காது. நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: அவர் இந்த ஊரின் சுமைத் தொழிலாளி. அவரால் தூக்க முடியாத மூட்டை கிடையாது என்பார்கள், மனதுக்குள் அவர் சுமந்தது எதுவும் யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் இது இரண்டே வாக்கியம். 'அவர்' என்று வரும் மூன்று இடத்திலும் 'ஹி'. முதல் 'ஹி' வாக்கியத்தின் தொடக்கம், அதனால் பெரிய 'எச்'. மற்ற இரண்டும் நடுவில் வருகிறவை, அதனால் சின்ன 'எச்'. கீழே பிறந்த தேதி, இறந்த தேதி, மனைவி அமல்ராணி, மகள் ஜெர்லின் எம்.ஏ., பி.எட். பட்டம் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிப் பார்த்தேன். போட்டே ஆக வேண்டும் என்றாள் அம்மா.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். வீட்டில் அம்மா கேப்பைக் கூழ் கரைத்து வைத்திருந்தாள். நான் தாளை நீட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அம்மா கன்னியர் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். ஏபிசிடி ஒவ்வொன்றாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது.

"இதுல அவரு எங்க இருக்காரு?"

பெயரைக் காட்டினேன்.

"அது சரி. அப்புறம்?"

'ஹி' வரும் மூன்று இடத்தையும் விரல் வைத்துக் காட்டினேன். இதுதான் அவர், இதுவும் அவர், இதுவும் அவர். அம்மா தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இங்க பெருசா போட்டிருக்குது. இங்கயும் இங்கயும் சின்னதா இருக்குதே."

"முதல்ல வர்றதுக்குப் பெருசு போடுவாங்க. நடுவுல வந்தா சின்னதுதாம்மா. அது இங்கிலீஷ் ரூல்."

"மொதல்ல வந்தா அவரு, நடுவுல வந்தா அவனா?"

"அப்டியெல்லாம் இல்லம்மா. இங்கிலீஷ்ல அவனும் அவரும் ஒண்ணுதான். எல்லாத்துக்கும் ஹிதான்."

அம்மா என்னை நம்பாமல் பார்த்தாள். "கலெக்டருக்கும் அதேதானா?"

"அதேதான்."

"திருடனுக்கும்?"

"திருடனுக்கும் அதேதான்."

"இன்னா பாஷைடி அது" என்றாள். "சரி, இன்னார் இன்னார்னு எப்படித்தான் கண்டுபுடிக்கிறாங்க? எதுக்குமே பெருசா போடமாட்டாங்களா?"

"நான்னு எழுதும்போது போடுவாங்க. எங்க வந்தாலும் பெருசுதான்."

"தன்னைப் பெருசா எழுதிக்குவான், அடுத்தவரைச் சின்னதா எழுதுவானா? நல்லாருக்குது நாயம்."

எனக்கு எரிச்சல் வந்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளைச் சமாளித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் இதே பாடம். "மரியாதைக்குப் பெருசா போடறது ஆண்டவருக்கு மட்டுந்தாம்மா. பைபிள்ல ஆண்டவரைச் சொல்லும்போது மட்டும் நடுவுல வந்தாலும் பெரிய எழுத்து போடுவாங்க. மனுசங்களுக்குப் போடக்கூடாது" என்றேன்.

சொல்லி முடித்ததும் தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப மரியாதைக்குப் போடற பழக்கம் இருக்குது" என்றாள் அம்மா. "போடு. மூணையும் பெருசா போடு."

கூழைக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன்.

கல் கடை மயிலம் போகும் சாலையில் இருக்கிறது. கடைக்காரர் தென்னரசு கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து, ஸ்டிக்கராக வெட்டி, கிரானைட்டில் ஒட்டி, மண்ணைப் பீய்ச்சி அடித்து எழுத்தைக் குழித்தெடுக்கிறவர். சிலுவையில் பத்து மாதிரி, ரோஜாவில் பத்து மாதிரி வைத்திருந்தார். எங்கள் வாசகத்தைப் படித்துவிட்டு, "எல்லாத்தையும் கேப்பிட்டல்ல அடிச்சிடலாம் டீச்சர். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. பாக்கவும் எடுப்பா இருக்கும், வெட்டறதும் ஈஸி" என்றார்.

எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. எல்லா எழுத்தும் பெரிதாக இருந்துவிட்டால் எந்த விதியும் மீறப்படவில்லை, அம்மா கேட்டதும் கிடைத்தது. "அப்படியே போடுங்க" என்று சொல்லப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"எல்லாத்தையும் பெருசா போட்டா அவரு மட்டும் எப்படிப் பெருசாத் தெரிவாரு? ஊருக்கும் தேதிக்கும் மூட்டைக்கும் ஒரே மரியாதையா? பஸ்ஸு போர்டு மாதிரி இருக்கும்."

தென்னரசு என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாய்த்து வைத்திருந்த கற்களைப் பார்த்தேன். எழுதப்படாத கறுப்புக் கல்லில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. இரண்டு நாளில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பயம் எனக்குத்தான் தெரியும். தாளில் தப்பு இருந்தால் கிழித்துப் போடலாம். கரும்பலகையில் இருந்தால் துடைத்துவிடலாம். கல்லில் குழித்தது குழித்ததுதான், நான் செத்த பிறகும் அங்கேயே இருக்கும். கீழே என் பெயர், பக்கத்தில் என் பட்டம். அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் ஜெசிந்தாவின் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். ஜெசிந்தா எங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள். தலைமையாசிரியை அனுப்பும் சுற்றறிக்கையிலேயே பிழை கண்டுபிடித்து எல்லோரிடமும் காட்டுகிறவள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தவறாமல் வருவாள். 'ஆறாம் வகுப்பு டீச்சருக்குக் கேப்பிட்டல் எழுத்து தெரியாதாம்' என்பது ஸ்டாஃப் ரூமில் எத்தனை வருடத்துக்கு ஓடும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாசகத்தை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஹி' என்றே தொடங்கினேன். அவர் இந்த ஊரில் சுமை தூக்கினார். அவர் எந்த மூட்டைக்கும் பின்வாங்கவில்லை. அவர் மனச்சுமையை யாரிடமும் இறக்கவில்லை. மூன்று வாக்கியம், மூன்று 'ஹி', மூன்றுக்கும் முறைப்படி பெரிய 'எச்'. கொஞ்சம் தந்தி வாசகம் போல இருந்தாலும் குறை சொல்ல முடியாது. கல் வைக்கப் பங்குச் சாமியாரின் அனுமதி வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினேன். "மிக நன்று" என்று பதில் வந்தது. நான் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள் பள்ளி முடிந்ததும் திண்டிவனம் போய் அம்மாவிடம் காட்டினேன். பெரிய 'எச்' மூன்றையும் தேடிக் கண்டுபிடித்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாகச் சுருங்கியது.

"மூணும் வரியோட தலையில நிக்குது" என்றாள்.

"ஆமா. அதான் மூணுமே பெருசு. நீ கேட்ட மாதிரியே."

"இது அவருக்கோசரம் போட்டது இல்ல. மொதல்ல நின்னதால கெடைச்சது. அந்த எடத்துல யாரு நின்னாலும் கெடைக்கும்."

"யம்மா, ஜனங்களுக்கு அதெல்லாம் தெரியாது!"

"எனக்குத் தெரியுது இல்ல?"

நான் கத்திவிட்டேன். படித்தவள் நானா நீயா என்று கேட்டேன். ஊரே சிரிக்கும் என்றேன். வேலை பார்க்கிற இடத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றேன். தமிழில் 'அவர்' என்று கல் நிறைய எழுதிக்கொள், இந்தப் பேஜாரே வேண்டாம் என்றேன். அம்மா தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"பையன்னு சொன்னாருடி" என்றாள்.

"யாரு?"

"சின்ன மொதலாளி. பொணத்த முன்னால வெச்சிக்கினு. நல்ல பையன்னு. நீயும்தான் கேட்டுக்கினு நின்ன." அவள் குரல் உயரவே இல்லை. "உசுரோட இருக்கும்போது சொன்னாங்க, சரி, கூலி குடுக்கறாங்க, சொல்லிட்டுப் போறாங்க. அவரும் சிரிச்சிக்கினு போய்ட்டாரு. செத்தப்புறம் இன்னாடி? செத்தவரு எந்த மூட்டையத் தூக்கணும், அவர போயி பையன்னு சொல்றதுக்கு? ஆண்டவருக்கு மட்டுந்தான் அந்த எழுத்துன்னு சொல்ற. ஆண்டவர யாரும் டேய்னு கூப்பிடல. அவருக்கு அது எதுக்கு? இவருக்குத்தான் வேணும்."

அந்த வார்த்தை அன்றைக்கு என் காதிலும் விழுந்தது. நான் அதை ஒரு வருடம் தாங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. விழுந்தது, போயிற்று. அம்மாவுக்குப் போகவில்லை. அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, அவள் மேல் மதிப்பாகவும் இருந்தது. ஆனாலும் ஜெசிந்தாவின் முகம் கண்முன்னால் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பஸ் நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நிற்கும்போது தென்னரசுவுக்குப் போன் செய்தேன். முதலில் கொடுத்த வாசகத்தையே வெட்டச் சொன்னேன். 'ஹி' வரும் எல்லா இடத்திலும் 'எச்' பெரிதாக இருக்க வேண்டும் என்றேன்.

"நடுவுல வருதே டீச்சர். மிஸ்டேக் மாதிரி தெரியுது. வெட்டினப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டேன். போடுங்க."

"நீங்களே சொல்லும்போது எனக்கு இன்னா" என்றார் அவர்.

கல்லறைத் திருநாள் அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. கல்லறை முழுக்கச் சுண்ணாம்பு வாசனையும் சாமந்தி வாசனையும். வாசலில் மெழுகுவத்திக் கடைகள், பொரிகடலைக் கடை, பலூன்காரர். அப்பாவின் கல் கறுப்பாக, புதிதாக, மற்றக் கற்களைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. உயரம் என் யோசனை இல்லை. அம்மா தனியாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

பங்குச் சாமியார் மழைக்கு முன்னால் எல்லாக் கல்லறையையும் மந்திரித்து முடிக்க வேண்டும் என்று வேகவேகமாக வந்தார். அப்பாவின் கல் மேல் தீர்த்தம் தெளித்தார். வாசகத்தைப் படிக்க அவர் நிற்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

ஜெசிந்தா பின்னாலேயே வந்தாள். அவள் நின்றாள், படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மெழுகுவத்தியை நட்டுவைப்பதில் மும்முரமாக இருந்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது.

ஜெகதீசன் வந்திருந்தார். அம்மா மண்டிக்கே போய் அவரை அழைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்டபோது, "அவருகிட்டதானே வேலை செஞ்சாரு. அவரும் பாக்கட்டும்" என்று சொல்லியிருந்தாள். அவருக்குப் பின்னால் மண்டி லோடுமேன்கள் பத்துப் பதினைந்து பேர், நீலச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார்கள். முதலாளி வந்தால் அவர்களுக்கு அரைமணி நேரம் வேலை நின்றுவிடும், அதனால் அவர்களும் வர முடிந்தது.

ஜெகதீசன் மாலையைக் கல்லுக்குச் சாத்தினார். "நல்லாக்கிறியா அமலு?" என்று அம்மாவைக் கேட்டார். என்னிடம் திரும்பி, "நீங்க எப்படி இருக்கீங்க டீச்சர்? ஸ்கூலெல்லாம் எப்படிப் போவுது?" என்றார். பிறகு கல்லைத் தடவிப் பார்த்தார். "ஜோரா இருக்குது. சின்ன வயசுல இவன் தோள்ல ஒக்காந்துதான் நான் மண்டி முழுக்கச் சுத்துவேன். இறக்கிவிட்டா அழுவேனாம்" என்றார். கண் கலங்கியது. இந்த மனிதருக்கு என் அப்பா மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"இங்கிலீஷ்ல எழுதியிருக்குது மொதலாளி" என்றாள் அம்மா. "இவங்களுக்கு யாருக்கும் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சித் தமிழ்ல சொல்லுங்க. கேக்கட்டும்."

"நான் படிக்கிறேம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு. அவரு படிப்பாரு."

ஜெகதீசனுக்கு அது பிடித்திருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதலில் ஆங்கிலத்தில் உரக்கப் படித்தார், நல்ல உச்சரிப்புதான். பிறகு லோடுமேன்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"அதாவது, இவன் இந்த ஊரு லோடுமேன். இவனால தூக்க முடியாத மூட்டையே கெடையாது. மனசுக்குள்ள இவன் சொமந்தது எதுவும்—"

"கொஞ்சம் இருங்க மொதலாளி."

அம்மா குனிந்து கல்லில் கை வைத்தாள். வாக்கியத்தின் நடுவில் இருந்த பெரிய 'எச்'சின் குழிக்குள் அவள் விரல் சரியாகப் பொருந்தியது.

"இந்த எழுத்தப் பாருங்க. பக்கத்துல இருக்கறதெல்லாம் சின்னதா இருக்குது. இது மட்டும் பெருசா இருக்குதுங்களா? இங்கயும் பாருங்க. இங்கிலீஷ்ல அவருன்னு சொல்ல வார்த்தை இல்லையாம். அதுக்குத்தான் பெருசா போட்டிருக்குது. அங்க அவருன்னு எழுதியிருக்குது. நீங்க அவன்னு படிக்கிறீங்க."

லோடுமேன்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெகதீசன் சிரித்தார், கொஞ்சம் சிவந்தும் போனார். கோபமா கூச்சமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நானும் காலேஜ் படிச்சவன்தான் அமலு. அது சாமிக்குத்தான் அப்படிப் போடுவாங்க. மனுசனுக்கு இல்ல. ஏதோ அடிக்கும்போது தப்பாயிருக்கும்." அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே டீச்சர்? நீங்களே சொல்லுங்க. தப்புதானே இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெசிந்தா ஒரு கல் தள்ளி, கையில் எரியும் மெழுகுவத்தியோடு நின்று என்னைப் பார்த்தாள். அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. விரலை எழுத்திலிருந்து எடுக்காமல் குனிந்தபடியே இருந்தாள்.

"தப்பு இல்லீங்க" என்றேன். "மரியாதைக்குப் போடறதுதான். நான்தான் எழுதினேன். எங்கம்மா சொன்ன மாதிரி, அவருன்னுதான் படிக்கணும்."

என் குரல் வகுப்பில் வருவது போலவே வந்தது. ஜெகதீசன் என்னைப் பார்த்தார். டீச்சர் சொன்னதை மறுத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கல்லைப் பார்த்துக் குனிந்தார்.

"இவ..." என்று தொடங்கி நிறுத்தினார். வாய்க்குள் அந்தச் சொல் புரள மாட்டேன் என்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவரு இந்த ஊரு லோடுமேன். இவரால தூக்க முடியாத மூட்டையே கெடையாது. மனசுக்குள்ள இவரு சொமந்தது எதுவும் யாருக்கும் தெரியாது."

தூறல் விழ ஆரம்பித்தது. லோடுமேன்களில் பின்வரிசையில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நின்றார்கள். அம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அழுகை எதுவும் இல்லை.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல மொதலாளி" என்றாள். "இன்னொரு வாட்டி படிங்க."

ஜெகதீசன் மழையில் நின்றுகொண்டு இன்னொரு முறை படித்தார்.